நாற்காலியில் விட்டுவந்தது

காது மூக்குத் தொண்டைப் பிரிவு மருத்துவமனையின் பின்கட்டடத்தில், தரைத்தளத் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. மழைக்காலம். சுவரின் அடிப்பாகம் ஈரத்தில் உப்பியிருந்தது. ஒரு குழல்விளக்கு எரிவதா அணைவதா என்று தீர்மானிக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. அவள் குடையை மடக்கி, நீரை உதறிவிட்டு, கடைசிக் கதவைத் தட்டினாள்.

அங்கே அவளுக்கு அது முதல் நாள். ஒருவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை.

காது டாக்டர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவருக்கே இடது காது மந்தம். ரகசியம் ஏதாவது இருந்தால் வலது பக்கம் வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டார். இடது பக்கம் சொன்னால் அவர் என்னது என்று கத்துவாராம், தாழ்வாரத்துக்கே தெரிந்துவிடுமாம். அவள் சிரித்தாள். பிறகு அவர் பெட்டியைக் காட்டினார்.

எல்லோரும் அதைப் பெட்டி என்றுதான் சொன்னார்கள். அறைக்குள் ஓர் அறை. வெளியே இரும்புத் தகடு, உள்ளே துளையிட்ட தகடு, நடுவில் பஞ்சு. கனத்த கதவு. அதன் கைப்பிடியை இழுத்து இறக்கினால் கதவு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஒன்று. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சோதனைக் கருவியும் மைக்கும் அவள் இருக்கையும். நோயாளி உள்ளே உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே கருவியில் பச்சை விளக்கு எரியும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, எங்கே விளக்கு எரியாமல் போகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

“உள்ள போய் உக்காந்து பாரும்மா,” என்றார் டாக்டர். “பெரிய பெரிய தைரியசாலியெல்லாம் கதவைத் தட்டியிருக்காங்க.”

உள்ளே பழைய பஞ்சின் வாடை. அதோடு ரப்பர், யாரோ தடவியிருந்த தலை எண்ணெய். கதவு சாத்தப்பட்டதும் மழைச் சத்தம் அறுந்தது. முதலில் தன் மூச்சு கேட்டது. பிறகு எச்சில் விழுங்குவது. பிறகு காதுக்குள் ரத்தம் ஓடுவது.

அதற்கும் அடியில் அது பேசியது.

முதல் நாளே நனைஞ்சு வந்து நிக்கறே. அவர் பாத்தார். சொல்ல மாட்டார். மனசுல வெச்சிருப்பார்.

அது அவளுக்குப் புதிதல்ல. நினைவு தெரிந்த நாளிலிருந்து கூடவே இருந்தது. அவளுடைய குரல்தான், கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் களைத்து. கத்தாது. அக்கறையுள்ள உறவுக்காரி போலப் பேசும். பேருந்தில் இடம் கிடைத்தால், நிற்பவர்களைப் பார் என்னும். யாராவது சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாதா என்னும். எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா எல்லாருக்கும் தெரியும்.

என்ன தெரியும் என்று அது சொன்னதே இல்லை.

வேலையில் அது அவளை இழுத்துப் பிடித்தது. ஒருவரைச் சோதித்து முடித்ததும், சரியாகத்தான் எடுத்தாயா என்று கேட்கும். மறுபடி எடுப்பாள். மறுபடியும் கேட்கும். வெளியே பெஞ்சில் கூட்டம் சேரும். எங்க மாமனார் உள்ள உயிரோடதான் இருக்காரா என்று ஒருவர் கதவைத் திறந்து விசாரித்துவிட்டுப் போனார். காது டாக்டர் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாமலிருந்தது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு காலம் பொறுத்தவள். மகளை முன்னிட்டுத்தான் பொறுக்க முடியாமல் போயிற்று.

மகளை வீட்டில் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். கண் விழித்தால் ஆரம்பிக்கும், தூங்கினால் நிற்கும். பல் தேய்க்கும்போதும் நுரை வழியப் பேசுவாள். மகளின் அப்பா லாரி ஓட்டுபவர். ஊருக்கு வருவதே அபூர்வம். ரேடியோவோடு போனில் பேச வாய் தேவையில்லை, காது இருந்தால் போதும் என்பார். இரண்டே அறை கொண்ட வீடு அந்தப் பேச்சில் பெரிதாக இருந்தது.

ஒரு நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கதவருகே மகளின் குரல் கேட்டது. வழக்கமான குரல் இல்லை. தாழ்ந்து, களைத்திருந்தது.

எட்டிப் பார்த்தாள். மகள் தரையில் உட்கார்ந்து, நாடா அவிழ்ந்த ஷூவை மடியில் வைத்து அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“இதுகூட உனக்கு வரல பாரு. யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா எல்லாருக்கும் தெரியும்.”

அவள் கையிலிருந்து நீர் சொட்டியது.

“யாருடி உனக்கு இப்படிப் பேசச் சொல்லிக்குடுத்தது?”

“நீதான். பாத்திரம் கழுவறப்போ சொல்லிட்டே இருப்பியே.” மகள் நிமிர்ந்தாள். “யாரைம்மா திட்டறே?”

மனதுக்குள் இருப்பதாக நினைத்திருந்தது எப்போதோ வாய்க்கு வந்துவிட்டிருந்தது. அவளுக்கே அது கேட்டதில்லை. பாத்திரத்தைத்தான் திட்டினேன் என்றாள். பாத்திரத்துக்குக் காது கிடையாதே என்று சொல்லி மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஷூவுக்கு நாடா கட்டினாள்.

இது இவளிடம் போகக் கூடாது.

அன்று முழுக்க அவள் நினைத்தது அது ஒன்றைத்தான். மதியம், மருத்துவமனையின் மேல்மாடிக்குப் போனாள்.

மேல்மாடி டாக்டர் மனநலம் பார்ப்பவர். அவளைவிட இளையவர். மேஜையில் ஆறிப்போன தேநீர் ஒன்று இருந்தது. அவர் அதைக் குடிப்பதும் இல்லை, அகற்றுவதும் இல்லை. பொறுமையாகக் கேட்டார். அந்தக் குரல் அவள் இல்லை என்றார். அது வந்தால் சண்டை போட வேண்டாம், ஒளிய வேண்டாம். இது வெறும் நினைப்பு என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, சாலையில் போகிற வண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். போய்விடும்.

அவள் பழகினாள். தட்டு தவறி விழுந்து உடைந்தபோது பழகினாள். பெயரைத் தப்பாகக் கூப்பிட்டு ஒரு நோயாளி முகம் சுளித்தபோது பழகினாள். கொஞ்சம் இலேசாயிற்று. ஆனால் வண்டி போகவில்லை. எதிர்ப்புறம் நின்றுகொண்டு காத்திருந்தது.

அடுத்த முறை மேல்மாடி டாக்டர் வேறொன்று சொல்லிக்கொடுத்தார்.

“ஒரு காலி நாற்காலி எடுத்துக்குங்க. அதுல அந்தக் குரலை உக்கார வைங்க. அது என்ன சொல்லணும்னு நினைக்குதோ, முழுசா சொல்லட்டும். கேளுங்க. இத்தனை நாள் கூட இருந்ததுக்கு நன்றி சொல்லுங்க. அப்புறம் எழுந்து வந்துடுங்க.”

“அதை விட்டுட்டா?”

“விட்டுட்டுதான்.”

“வீட்ல வேண்டாம் டாக்டர். குழந்தை இருக்கா.”

“எங்க வேணாலும் விடுங்க. உங்களுக்கு எங்க பத்திரம்னு தோணுதோ, அங்க.”

அவளுக்கு யோசிக்க நேரம் பிடிக்கவில்லை.

மதிய இடைவேளை. காது டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. அவள் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரே நாற்காலி. அதைக் குரலுக்குக் கொடுத்துவிட்டு, எதிரே தரையில், துளையிட்ட தகட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். முதலில் வெட்கமாக இருந்தது. காலி நாற்காலியின் முன்னால் கை கட்டி உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் அன்றே மேல்மாடியில் படுக்கை போட்டுவிடுவார்கள்.

பிறகு அது பேசியது. நெடுநேரம் பேசியது. அவள் மறந்துபோன முகங்களையெல்லாம் அது மறக்கவில்லை. முடித்ததும் அவள் நன்றி சொன்னாள். அதை மனதாரத்தான் சொன்னாள். எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, கதவைச் சாத்தி, கைப்பிடியை இழுத்து இறக்கினாள்.

வெளியே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு சக்கர நாற்காலி கிறீச்சிட்டது. அவ்வளவுதான். அவற்றுக்கு அடியில் எதுவும் இல்லை. தோளிலிருந்து மூட்டையை இறக்கியவள் போல அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இருக்கைக்கு வந்தபோது கருவியைப் பார்த்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

அணைந்தது. மறுபடி எரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. பட்டன் அதன் கைமேல், அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது.

பழைய ஒயர், என்று நினைத்துக்கொண்டாள். கருவியை அணைத்தாள்.

அதற்குப் பிறகு வந்தவை நல்ல நாட்கள். அப்படிப்பட்ட நாட்கள் இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. ஒரு தடவை சோதித்தால் அதோடு விட்டாள். பெஞ்சில் கூட்டம் கரைந்தது. உனக்குக் குதிரை வேகம் வந்திருக்கிறதே, என்ன டானிக் என்று காது டாக்டர் கேட்டார். வீட்டில் ரேடியோவோடு சேர்ந்து பாடினாள். சுருதி தப்பியது. தப்பியதை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அந்த நாட்களில்தான் வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். வரிசையில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். மனைவி பேசும்போது மட்டும் காது கேட்பதில்லை, அதற்கு மருந்து கேட்டு வரவில்லை, சான்றிதழ் கேட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றார். உள்ளே போய் உட்கார்ந்தார். சோதனை நன்றாகப் போயிற்று. கடைசியில், அவள் எந்தச் சத்தமும் அனுப்பாத நேரத்தில், விளக்கு எரிந்தது. மறுபடி எரிந்தது. விடாமல் எரிந்தது.

மைக்கில் கேட்டாள். “என்ன கேட்டுச்சு உங்களுக்கு?”

அவர் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தார். “நீங்க பேசினீங்களே.”

“நான் ஒண்ணும் பேசலையே.”

“உங்க குரல்தான்.”

வெளியே வந்தவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஏதோ வேடிக்கையை எதிர்பார்த்து அவரைப் பார்த்தார்கள். அவர் சுவர் ஓரமாக, யார் கண்ணையும் பார்க்காமல் நடந்து போனார்.

பிறகு பாட்டு டீச்சர் ஒருத்தி. பழுதே இல்லாத காது. வெளியே வந்ததும் டீச்சர் கேட்டது ஒன்றுதான்: இத்தனை வருஷமா என் பாட்டைக் கேட்டவங்க ஏன் மூஞ்சிக்கு நேரா சொல்லல?  பதிலுக்கு நிற்காமல் டீச்சர் போய்விட்டாள்.

அன்று மாலை, கருவிக்கு உறை போடும்போது அவளுக்குள் ஒன்று தோன்றியது. பழைய குரல் இல்லை. குரலே இல்லை. சாதாரணமான ஒரு எண்ணம்.

இது உன்னால் நடக்கிறது.

அவள் கை உறையின் மேல் நின்றது. ஆனால் அவள் பாடம் படித்தவள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டாள். இது வெறும் நினைப்பு. சண்டை போடவில்லை, ஒளியவில்லை. சாலையில் போகிற வண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை வண்டி போய்விட்டது.

மழை விட்டு, ஊர் முழுக்கச் சளி பிடித்திருந்த சமயம். ரேடியோவுக்கும் பிடித்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளியில் சொல்லியனுப்பினார்கள். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காது டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். உனக்குக் காதில் ஒன்றும் இல்லை, வாய் ஓயாததால் காதுக்கு வேலை கிடைக்கவில்லை என்றார். பாப்பாவுக்கு அது பெருமையாக இருந்தது. எதற்கும் ஒரு சோதனை எடுத்துவிடச் சொல்லி, அவர் அடுத்தவரைப் பார்க்கப் போனார்.

அவள் கதவைத் திறந்தாள். பஞ்சின் வாடை வந்தது. மகள் ஓடிப்போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். ஹெட்போனைப் பொருத்தும்போது அந்த எண்ணம் மறுபடி வந்தது.

வேண்டாம்.

அவள் நின்றாள். பிறகு மூச்சை இழுத்து விட்டாள். இது வெறும் நினைப்பு.

கதவைச் சாத்தி, கைப்பிடியை இறக்கினாள்.

சோதனை ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் கேட்டால் அழுத்து, பேசாதே என்று மைக்கில் சொன்னாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளக்கு எரிந்தது. சத்தத்தைக் குறைத்தாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். எரிந்தது. நல்ல காது. எல்லாக் குழந்தைகளையும்விட நல்ல காது.

கடைசிச் சத்தத்தையும் நிறுத்தினாள்.

விளக்கு எரிந்தது.

அணையவில்லை.

மகள் காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். சிரிப்பு முகத்தில் இன்னும் இருந்தது, துடைக்க மறந்தது போல. பார்வை தாயிடம் இல்லை. தலையை இலேசாகச் சாய்த்து, பக்கத்தில், தன் தோளுக்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசும்போது பார்ப்பதுபோல. மரியாதையாக.

“பாப்பா,” என்றாள் மைக்கில். “என்னைப் பாரு.”

மகள் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்பதுபோல.

அவள் ஓடிப்போய்க் கைப்பிடியைத் தூக்கினாள். கதவு வழக்கம்போலவே திறந்தது. உள்ளே எதுவும் இல்லை. நாற்காலியும் மகளும் பஞ்சின் வாடையும்தான். ஹெட்போனைக் கழற்றி, மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சின்ன உடம்பு விறைத்திருந்தது.

“நீ ஏம்மா அப்படிச் சொன்னே?” என்றாள் மகள்.

“நான் என்னடா சொன்னேன்?”

மகள் கையிலிருந்து நழுவிக் கீழே இறங்கினாள்.

தாழ்வாரத்தில் வழக்கமான கூட்டம். சளி பிடித்த குழந்தைகள், தொண்டை கட்டியவர்கள், போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். மகள் அவர்களைப் பார்த்தாள். தாயின் சட்டை நுனியை இழுத்து அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் தெரியும்,” என்றாள், துணிக்குள்ளிருந்து.

அந்தத் தாழ்வாரத்தில் நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது. உள்ளே இருப்பது வெளியே வராது என்று நினைத்துத்தான் அதை அங்கே விட்டாள். அந்தப் பெட்டி எதற்காகக் கட்டப்பட்டது என்று நினைக்கவில்லை. உலகத்திலேயே மெல்லிய சத்தத்தைக் கேட்பதற்காக, வேறு எதுவும் கேட்காத இடத்தில், ஒவ்வொருவராக வந்து உட்கார்கிறார்கள். அவளே உட்காரவைத்தாள்.

வீட்டில் பேச்சு நின்றது.

மகள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்தாள். வீட்டுப்பாடத்தை அழித்து அழித்து எழுதினாள். கேட்டால் பதில் சொன்னாள். சொல்லும் முன் சற்றுத் தயங்கி, தலையை இலேசாகச் சாய்த்து, அனுமதி கேட்பதுபோல் இருந்துவிட்டுச் சொன்னாள். அப்பா போனில் கூப்பிட்டார். ரேடியோவுக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்றார். மகள் போனைத் தாயிடம் நீட்டினாள். லாரியின் இரைச்சலுக்கு நடுவே அவர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் அவள் பெட்டிக்குள் போனாள். தரையில் உட்கார்ந்தாள்.

“என்கிட்ட வந்துடு,” என்றாள். “நான் வெச்சுக்கறேன்.”

மூச்சு. எச்சில். ரத்தம்.

அதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அது சொன்ன வாக்கியங்களையெல்லாம் வாய்விட்டுச் சொன்னாள். உனக்கு இதுகூட வரல. நீதான் அவளை உள்ள அனுப்பினே. நீதான் கதவைச் சாத்தினே. எல்லாம் உண்மை. ஆனால் எதுவும் ஒட்டவில்லை. கடைகளின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் அவள் மனம், கேட்காமலே, தானாகவே, அமைதியாகச் சொன்னது: இது வெறும் நினைப்பு.

அதை நிறுத்த அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

காது டாக்டரிடம் பெட்டியை மூடிவிடச் சொன்னாள். அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ஒயரில் கோளாறா என்று கேட்டார். அவரே உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வந்து, எப்போதும்போல அருமையாக இருக்கிறது, எனக்குத்தான் எதுவும் கேட்காதே என்றார். இந்த ஒரு பெட்டியை நம்பித்தான் இத்தனை பேர் வருகிறார்கள் என்றும் சொன்னார். அதுவும் உண்மை.

மேல்மாடி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியை, பட்டறைக்காரரை, பாட்டு டீச்சரை, மகளை. மேல்மாடி டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் அவள் கைமேல் கை வைத்தார்.

“பாத்தீங்களா. மறுபடியும் எல்லாத்துக்கும் உங்களையே காரணம் ஆக்கறீங்க.”

“இது அது இல்ல டாக்டர். இது நிஜம்.”

“அந்தக் குரல் எப்பவும் அப்படித்தான் சொல்லும்.”

அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள்.

“பாப்பாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க,” என்றார் மேல்மாடி டாக்டர். “குழந்தைங்க பெரியவங்களைவிட சீக்கிரம் கத்துக்குவாங்க. நாற்காலில உக்கார வெச்சு விட்டுட்டு வரச் சொல்லித் தரேன்.”

அவள் தேநீரைப் பார்த்தாள். மேலே ஆடை கட்டியிருந்தது. மகள் அந்தக் குரலை எங்கே கொண்டுபோய் விடுவாள் என்று யோசித்தாள். மகளுக்குத் தெரிந்த நாற்காலிகள் எல்லாம் வகுப்பறையில் இருந்தன. எல்லாவற்றிலும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போகாமலிருப்பதும் சரியென்று தோன்றவில்லை. பெட்டிக்கு முன்னால், தன் இருக்கையில் உட்கார்ந்தாள். பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அவர் சிரித்த முகத்தோடு உள்ளே போனார். அது மகளோடு வீட்டுக்குப் போய்விட்டது, இப்போது உள்ளே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்த முகத்தோடே வெளியே வந்தார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

விடுமுறை நாள் காலை. ஜன்னல் வழியே நல்ல வெயில் வந்தது. கீழே தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மகளைக் கண்ணாடி முன் ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் நின்று தலை வாரினாள். மகளின் முடி மெல்லியது. சீப்பு சிக்கும்போதெல்லாம் முன்பு வீடே இரண்டாகும். இப்போது மகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“வலிச்சா சொல்லுடா.”

“பரவால்லம்மா.”

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். ஸ்டூலின் அருகே மண்டியிட்டாள். இரண்டு முகங்களும் கண்ணாடியில் ஒரே உயரத்தில் தெரிந்தன.

“அதை என்கிட்ட குடுத்துடு பாப்பா. முன்னாடி என்கிட்டதான் இருந்துச்சு. எனக்குப் பழக்கம்.”

மகள் தலையைச் சாய்த்தாள். தன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

“வராதாம்.”

“ஏன்?”

“உனக்குக் காது கேக்காதாம்.”

தெருவில் சைக்கிள் மணி அடித்தது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

“என்ன சொல்லுது உன்கிட்ட? அதையாவது சொல்லு. அம்மா யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

மகள் யோசித்தாள். எழுந்து, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதருகே வாயைக் கொண்டுவந்தாள். வெதுவெதுப்பான மூச்சு காதுமடலில் பட்டது. கண்ணாடியில் மகளின் உதடுகள் அசைவதை அவள் பார்த்தாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அசைந்தன. நெடுநேரம் அசைந்தன.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. மகள் சொன்னதில் அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மகள் விலகி, ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தாயின் முகத்தைத் தேடினாள். அவ்வளவு நாட்களுக்குப் பிறகு அந்தக் கண்களில் ஏதோ ஒரு எதிர்பார்ப்பு இருந்தது.

“கேட்டுச்சாம்மா?”

“கேட்டுச்சு,” என்றாள் அவள்.

மகள் கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது.

காதுமடலில் அந்த மூச்சு இன்னும் பட்டுக்கொண்டிருந்தது.